கௌசியின் கட்டும் ஓட்டமும்

இதை எழுதுவதற்கு முதல் இவரிடம் கேட்டேன். இவர் என்றால் என் கணவர். "உதையும் எழுதப் போறீரோ? ஊரெல்லாம் வாசிக்கும்" என்றார். வாசிக்கட்டும் என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கை முறிந்தால், அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்தால் நாலு பேரிடம் சொல்லி நாலு வைத்தியம் கேட்கலாம். வெளிக்குப் போகாவிட்டால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. எங்களுக்கு வந்த வினையில் பாதி வாயைப் பொத்தியதால் வந்தது. அதனால் வெட்கத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு பலாலிப் பக்கம். விமானத்தளத்துக்குக் கிட்டக் குடியிருந்த எல்லோரையும் போல நாங்களும் சண்டை தொடங்கிய ஒருநாள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள்தான். இவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. அந்தப் பழக்கத்தில், நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த கந்தையா அண்ணை, "ஊருக்குத் திரும்பிப் போகுமட்டும் எங்கடை வீட்டிலை இருங்கோ தம்பி" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவி பாக்கியக்கா, சுவாமி அறைக்கு அடுத்த அறையை ஒழித்துத் தந்தார். வாடகைப் பேச்சை எடுத்த இவருக்கு நல்ல ஏச்சுத்தான் கிடைத்தது.

வாடகைக்கு இருப்பதைவிடச் சும்மா இருப்பது கஷ்டம். வாடகை கொடுக்கிறவள் கிணற்றடியில் நிமிர்ந்து நிற்பாள். சும்மா இருக்கிறவளுக்கு இருமுவதற்கும் யோசனை. அவர்கள் சமைத்த பிறகு நான் அடுப்பு மூட்டுவேன். அவர்கள் குளித்த பிறகு நாங்கள் குளிப்போம். வளவின் கடைசியில், வேலியோடு இருந்த கக்கூசுக்கும் அதே ஒழுங்குதான். எங்கள் மகள் கௌசி அந்த வீட்டுக்கு வரும்போது நடை பழகி முடிந்த பிள்ளை. "குஞ்சு, இது ஆக்களின்ரை வீடு, சத்தம் போடாதை", "ஆக்களின்ரை வளவு, கண்ட இடத்திலை இருக்கக் கூடாது" என்றெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தாள். கெட்டிக்காரி, சொன்னது கேட்பாள்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது ஜங்கிகளில் கறை படியத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு தண்ணீர்போல ஒழுகியது. கேட்டால், "எனக்குத் தெரியாது அம்மா" என்பாள். விளையாடிக்கொண்டு நிற்கும் பிள்ளையிடமிருந்து மணம் வரும், அவள் தன்பாட்டில் விளையாடிக்கொண்டேயிருப்பாள். வேண்டுமென்று செய்கிறாளோ என்று ஒருநாள், பாவம் பிள்ளை என்று ஒருநாள், என் மனம் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

அது பொருளாதாரத் தடைக் காலம். சவுக்காரத்தைக் கண்ணால் காண்பதே அருமை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். பனங்களியில் தோய்த்தால் கறை போகிறதோ இல்லையோ, வாசத்துக்கு மாடு வந்துவிடும். கந்தையா அண்ணையின் பசு கௌசியின் ஜங்கி ஒன்றைக் கொடியில் இருந்து இழுத்துச் சப்பிய கதையைச் சொல்லி இவர் இன்றைக்கும் சிரிப்பார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

தண்ணீராகப் போகிறதென்றால் அது வயிற்றோட்டம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கும் சந்தேகமில்லை, பாக்கியக்காவுக்கும் சந்தேகமில்லை.

"வயித்தாலை போற பிள்ளைக்கு மொந்தன்காய்தான் மருந்து. கட்டிப் பிடிக்கும்" என்றார். மொந்தன் என்பது கறிக்கு ஆகிற வாழை. வாழைத்தோட்டக்காரர் வீட்டில் அதற்குப் பஞ்சமா? அவித்து ஒருநாள், பால்கறி ஒருநாள், பிரட்டல் ஒருநாள். மேலுக்கு மாதுளம் கோது அவித்த தண்ணீர், வெறுந் தேத்தண்ணி. பழம், கீரை எல்லாம் நிறுத்தியாயிற்று. ஒருவேளை கூடிப்போகிறதோ என்று எனக்கு இடைக்கிடை தோன்றும். ஆனால் வீட்டுக்காரி ஆசையோடு கொண்டுவந்து தரும் கறியை எந்த வாயால் வேண்டாம் என்பது?

ஓட்டம் நிற்கவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு முன்னால் தள்ளியது. சில வேளைகளில் கதவுக்குப் பின்னால் போய், பெருவிரலில் எக்கி நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து விறைத்து நிற்பாள். முக்குகிறாள் என்று நினைத்து, "முக்கு குஞ்சு, முக்கு" என்று பக்கத்தில் இருந்து சொல்வேன். உண்மையில் அவள் வந்ததை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். இது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் வீடு அதிரக் கத்திக்கொண்டு போனாள். போனது ஓட்டமில்லை. ஒரு பெரிய மனிசனுக்கும் அவ்வளவு தடிப்பாகப் போகாது. கூடவே இரத்தம். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். காலையில் ஓட்டம், பின்னேரம் கட்டா?

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். சந்தியில் இருந்த டிஸ்பென்சரிக்குப் போய் ஓட்டம் என்றேன், நிற்பதற்கு மருந்து தந்தார்கள். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் போய்க் கட்டு என்றேன், பேதிக்குத் தந்தார். விளக்கெண்ணெயைக் கோப்பியில் கலந்து, மூக்கைப் பிடித்துப் பருக்கினோம். அன்றைக்கு முழுவதும் போனது, அடுத்த கிழமை பழைய குருடி கதவைத் திறவடி. பக்கத்து வளவு மனிசி வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கச் சொன்னார். வைத்தேன். அதற்குப் பிறகு கௌசி என் கையில் வெற்றிலையைக் கண்டாலே அறைக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே பூருவாள். என் பிள்ளை என்னைக் கண்டு ஒளிக்கிறாள் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் குடித்த தண்ணீரையும் சத்தி எடுக்கத் தொடங்கினாள். வயிறு மேளம்போல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்றைக் கந்தையா அண்ணை பிடித்துக்கொண்டு வந்தார். புகை கக்கிக்கொண்டு அது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரைக்கும் நான் கும்பிடாத கோயில் இல்லை.

வெளிநோயாளர் பகுதியின் நீட்டு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய், தோளில் தூங்கிய தன் பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இவவுக்கு என்ன வருத்தம்?"

"காய்ச்சல்" என்றேன்.

அவர் கௌசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே" என்றார்.

"இப்ப விட்டிட்டுது" என்றேன். இவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டுக்குப் பொறுப்பாக ஒரு லேடி டொக்டர். அதிகம் சிரிக்காத மனிசி. கௌசியைப் படுக்க வைத்து, வயிற்றை மெல்ல மெல்ல அமத்திப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாய்ப் போகேல்லை?"

"போகேல்லையோ? ஒவ்வொரு நாளும் போகுது டொக்டர். ஒழுகிக்கொண்டெல்லோ இருக்கு."

"உங்கடை கையைத் தாங்கோ" என்று என் கையைப் பிடித்து, பிள்ளையின் இடப்பக்க அடிவயிற்றில் வைத்தார். உள்ளே விளாங்காய் ஒன்று கிடப்பதுபோல இருந்தது. புற்றுநோய்க் கட்டி என்றே நினைத்தேன்.

"உது மலம். கட்டினபடியால்தான் ஓடுது" என்றார் டொக்டர்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். பிறகு வந்த தாதியிடம் நான் இன்னொருமுறை கேட்டேன். நான் விளங்கிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். மலம் கடைசிக் குடலில் வந்து நிற்கும்போது போக வேண்டும்போல இருக்கும். அப்போது போகாமல் அடக்கினால், குடல் அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், மலம் இறுகும். இறுகியது போகும்போது நோகும். நொந்த பிள்ளை அடுத்த முறையும் அடக்கும். இப்படியே சேர்ந்து சேர்ந்து குடல் விரிந்துபோய், உணர்ச்சி மரத்துவிடும். பின்னால் புதிதாக வருகிற தண்ணீரான மலம் இறுகிய கட்டியின் ஓரத்தால் கசிந்து ஒழுகும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நாங்கள் ஓட்டம் என்று அந்தக் கசிவுக்குத்தான் மொந்தன்காயும் மாதுளம் கோதும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தெரியாது அம்மா" என்று அவள் சொன்னதெல்லாம் சத்தியம். அதை நினைத்து வாட்டு வாசலில் நின்று அழுதேன்.

பிள்ளையை வாட்டில் மறித்துப் போட்டார்கள். தாய் நிற்கலாம், தகப்பன் பார்வை நேரத்தில்தான் வரலாம். இவர் ஒவ்வொரு பின்னேரமும் நீர்வேலியில் இருந்து சைக்கிளில் வருவார். வரும்போது மாற்று உடுப்பு, பாக்கியக்கா கட்டித் தந்த இடியப்பம், போத்தலில் கொதித்தாறிய தண்ணீர். இடியப்பத்தோடு முதல் நாளே மொந்தன்காய்ப் பிரட்டல் வந்தது. டொக்டர் அதைக் கண்ணாலும் காட்டக் கூடாது என்றிருந்தார். அதை வீட்டில் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நான் அதைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்து, வெறும் ஏனத்தைக் கழுவி அனுப்பினேன். பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்து அடுத்த நாள் இன்னும் கூட வந்தது.

உப்புத் தண்ணீரில் எனிமா கொடுத்தார்கள். பின்பக்கத்தால் மெல்லிய குழாய் வைத்துத் தண்ணீரை உள்ளே விட்டு, இறுகியதை இளக்குவது. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கௌசிக்கு அது வெற்றிலைக் காம்பின் பெரியம்மா. இரண்டு பேர் பிடிக்க, அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் என்ன செய்தனான்? இனிச் செய்யமாட்டன்" என்று கத்தினாள். அவள் என்ன செய்தாள் என்று எனக்கும் தெரியவில்லை. நான் அவளுடைய தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன்.

எக்ஸ்றே எடுக்க ஜெனறேற்றர் ஓடும் நேரத்துக்குக் காத்திருந்தோம். படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். இருக்கச் சொன்னாலே எனக்குப் பயம்.

"இது ரண்டிலை ஒண்டு" என்றார். ஒன்று, பழக்கத்தால் வந்தது. மற்றது, பிறவியிலேயே குடலின் கடைசித் துண்டில் நரம்பு இல்லாமல் இருப்பது. நரம்பில்லாத துண்டு மலத்தைத் தள்ளாது. அப்படியென்றால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். அதுவரைக்கும் வயிற்றில் ஒரு வழி திறந்து மலத்தை வெளியே எடுக்க வேண்டும். எது என்று நிச்சயமாகச் சொல்ல, குடலில் ஒரு நெல்லளவு சதையைக் கிள்ளிச் சோதிக்க வேண்டும், அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

கொழும்புக்குப் போவதென்றால் அப்போது கிளாலியில் வள்ளம் ஏறி, இருட்டில் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். அதில் போய் வராத ஆட்களைப் பற்றித் தினம் கேள்விப்பட்டுக்கொண்டிருந்த காலம். வயிற்றில் வழி திறந்த பிள்ளையை வள்ளத்தில் வைத்திருப்பதை நான் ஒருமுறை கற்பனை செய்தேன். பிறகு செய்யவில்லை.

"பிறந்த உடனை, முதல் நாளே கறுப்பாய்ப் போனவவோ?" என்று டொக்டர் கேட்டார். நரம்பில்லாத பிள்ளைகளுக்கு அது ஒருநாள் இரண்டுநாள் சுணங்குமாம்.

"முதல் நாளே போனவள்" என்றார் இவர்.

"நீங்கள் எங்கை அங்கை நிண்டனீங்கள்? ரண்டாம் நாள் இரவுதான் வந்தனீங்கள்" என்றேன். எனக்கோ பிள்ளை பிறந்த அன்று மயக்கம். பிள்ளையைப் பார்த்த மச்சாள் கனடாவில். ஒரு பிள்ளையின் முதல் மலத்தில் அதன் தலைவிதி கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"சரி. முதல் வயித்தைத் துப்பரவாக்கி, மருந்தோடை பழக்கிப் பாப்பம். சரிவராட்டிக் கொழும்பு."

அதற்குப் பிறகு என் எண்ணமெல்லாம் அந்த ஒரு சொல்லில் நின்றது. நரம்பு இருக்கா, இல்லையா? கௌசி சிரித்தால் இருக்கிறது என்று தோன்றும். சாப்பாட்டைத் தள்ளினால் இல்லை என்று தோன்றும்.

வயிறு ஓரளவு இளகிய பிறகு ஒரு காலை டொக்டர் வந்து, என்னோடு கதைக்காமல், கட்டிலில் கௌசிக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளைக்குக் கக்கா வந்தால் என்ன செய்வியள்?"

கௌசி என்னைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாக்காதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ."

"அடக்குவன்."

"ஏன் ராசாத்தி?"

"அவை போட்டு வரட்டும்."

"ஆர் அவை?"

"வீட்டுக்காரர்."

"அவை கக்கூசுக்குப் போட்டு வந்த பிறகு போகலாம்தானே?"

கௌசி தலையை ஆட்டினாள். "பேந்து போனால் வராது" என்றாள்.

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நடந்தது இதுதான். விடியற்காலையில் கக்கூஸ் வாசலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். வீட்டுக்காரரில் யாரோ போகப் போகிறார்கள் என்று நாங்கள் அறைக்குள் காத்திருப்போம். கௌசி நெளிந்தால், "பொறு குஞ்சு, அவை போட்டு வரட்டும்" என்பேன். அவர்கள் இருவரும் தோட்டத்துக்குப் போன பிறகும் அந்த வாளி அப்படியே இருக்கும். அதைத் தொடாமல் நான் எங்கள் வாளியில் வேறு தண்ணீர் அள்ளிக்கொண்டு அவளைக் கூட்டிப் போவேன். அப்போது வராது. நேசறிப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்.

டொக்டர் சொன்ன வைத்தியம் மூன்றே மூன்று. குடலை வழுக்கச் செய்யும் ஒரு மருந்து, மாதக்கணக்கில். தண்ணீர், பழம், கீரை. மூன்றாவதுதான் முக்கியம்: காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கக்கூசில் இருத்த வேண்டும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. ஏசக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, போனால் என்ன போகாவிட்டால் என்ன ஆறுதலாக இருக்கவிட வேண்டும்.

அன்று பின்னேரம் இவரும் நானும் வாட்டு வாசலில் குசுகுசுத்த குரலில் சண்டை பிடித்தோம்.

"ஆர் கேக்கிறது? நீர் கேளும்."

"நான் எப்பிடிக் கேக்கிறது? உங்களுக்குத்தானே அண்ணையைப் பழக்கம்."

"இருக்க இடம் தந்த மனிசரிட்டை, எங்களுக்குக் காலமையிலை கக்கூஸை விடுங்கோ எண்டு கேக்கச் சொல்லுறீரோ? உங்களாலைதான் பிள்ளைக்கு வருத்தம் எண்டு சொல்லுறது மாதிரியெல்லோ இருக்கும்!"

"அறைக்குள்ளை சட்டி வைப்பம்."

"சுவாமி அறைக்குப் பக்கத்திலையோ?"

நரம்பில்லாவிட்டால் கொழும்பு. நரம்பிருந்தாலும் காலையில் கக்கூஸ் இல்லாவிட்டால் அதே கொழும்பு. ஒரு கேள்வி கேட்க வாய் வராததால் என் பிள்ளையின் வயிற்றை வெட்ட வேண்டி வருமோ என்று எனக்கு இவர் மீதும் என் மீதும் ஒரே ஆத்திரம்.

அடுத்த நாள் பாக்கியக்கா தானே பஸ் ஏறி வந்தார். கூடையில் இதரை வாழைப்பழச் சீப்பு. கௌசியைத் தடவிக்கொண்டு, "டொக்டர் என்ன சொல்லுறா?" என்றார். நான் சுற்றி வளைத்தேன். சாப்பிட்ட உடனே இருக்க வேணுமாம் என்றேன். பிள்ளை காத்துக்கொண்டிருந்து பழகிவிட்டதாம் என்றேன். "ஆருக்குக் காத்துக்கொண்டு?" என்றார்.

நான் சொல்ல முதல் கௌசி சொன்னாள். "உங்களுக்குத்தான் பெரியம்மா."

பாக்கியக்காவின் முகம் அப்படியே இருண்டது. என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வெறுங் கூடையை எடுத்துக்கொண்டு எழும்பி நடந்தார். "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது லேசான விஷயமில்லை.

"முடிஞ்சுது. இனி வேறை வீடு பாக்கவேண்டியதுதான்" என்றார் இவர். அடுத்த நாள் சாப்பாடு வந்தது, ஆனால் கந்தையா அண்ணை கொண்டுவந்தார். "சாப்பிடுங்கோ" என்ற ஒரு சொல்லைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிரட்டல் இல்லை, முருங்கையிலை வறை இருந்தது. கோபமா, கோபமில்லையா? கோபமென்றால் வறை எதற்கு? நான் ஒவ்வொரு கவளத்தையும் ஆராய்ந்து பார்த்துத்தான் தின்றேன்.

இனிப் போகலாம் என்று துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலிப் படலையடியில் பாக்கியக்கா நின்றார். வா என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்து, கிணற்றடியைத் தாண்டி, நேரே கக்கூஸ் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வழக்கமான வாளி, நிறைய.

"இந்த வாளி ஆருக்கெண்டு நினைச்சனீர்?"

"உங்களுக்கெண்டு..."

"எனக்கெண்டோ? விடியப்பறம் எழும்பி அள்ளி வைக்கிறது உமக்கும் பிள்ளைக்கும்! நான் இருட்டோடை போட்டு வந்திடுவன். எங்கடை இவர், நீங்கள் வந்த நாள் தொட்டுத் தோட்டத்துப் பக்கம்தான் போறவர், உங்களுக்கு இடைஞ்சலாய் இருக்கக் கூடாதெண்டு. காலமை முழுக்க உந்தக் கக்கூஸ் சும்மா கிடக்கு." குரல் உடைந்தது. "நான் வைச்ச தண்ணியைத் தொடாமல் நீர் வேறை அள்ளுறதைக் கண்டு, எங்கடை வாளி உமக்கு அருவருப்போ எண்டு எத்தினை நாள் யோசிச்சன் தெரியுமோ? கேக்க வெக்கமாய் இருந்திது."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இரண்டு வீட்டு மரியாதையும் வாசலில் நின்று 'நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ' என்று சொல்லிக்கொண்டிருக்க, நடுவில் என் பிள்ளை நெளிந்துகொண்டு நின்றிருக்கிறாள். பாக்கியக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். கௌசி அந்த வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

உடனே சுகம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதக்கணக்காக எடுத்தது. பாக்கியக்கா இப்போது மறுகரைக்குத் தாவினார். மொந்தன்காய் போய், பப்பாப்பழமும் கீரையும் வந்தன. காலையில் கக்கூஸ் வாசலில் நின்று, "வந்திட்டுதோ குஞ்சு? இன்னும் வரேல்லையோ?" என்று அரை வளவுக்குக் கேட்கக் கேட்பார். அவசரப்படுத்தக் கூடாதாம் என்று நான் வாய் திறந்து சொன்னேன். அந்த வீட்டில் நான் வாய் திறந்து சொன்ன முதல் மறுப்பு அது. பிறகு அவர் தூரத்தில் செம்பரத்தைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். கௌசி உள்ளே இருந்து, "ஆறுதலாய் இருக்கிறன்" என்று குரல் கொடுப்பாள்.

நடுவில் ஒருமுறை, பொம்மர் சுற்றிக் குண்டு போட்ட கிழமையில், எல்லாம் திரும்பவும் கட்டிவிட்டது. பங்கர்க் குழிக்குள் இருந்த பிள்ளையை எந்த நேரத்துக்கு எங்கே இருத்துவது? இரவெல்லாம் எனக்கு வள்ளமும் கொழும்பும்தான். பிறகு அதுவும் இளகியது. கடைசியாகப் போன கிளினிக்கில் டொக்டர் வயிற்றை நெடுநேரம் அமத்திப் பார்த்துவிட்டு, "கொழும்புக்குப் போகத் தேவையில்லை" என்றார்.

"அப்ப நரம்பு இருக்கோ டொக்டர்?"

"இருக்கு. இல்லாட்டி உப்பிடித் திருந்தாது."

அவர் அன்றைக்குத்தான் சிரித்தார். ஆனால் எனக்கு விளங்காத சங்கதிகள் இன்னும் இருக்கின்றன. எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. இவளுக்கு ஏன் வந்தது? காத்திருந்ததா, மொந்தன்காயா, பயமா? டொக்டரிடம் கேட்டேன். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

கௌசிக்கு எட்டு வயதாகும்போது, ஆமி வருகிறது என்று எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மழைக்குள் கிளம்பியது. இந்த முறை பாக்கியக்காவும் கந்தையா அண்ணையும் எங்களோடு நடந்தார்கள். தென்மராட்சியில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு விறாந்தையில் இடம் விட்டார்கள். அந்த வளவில் எத்தனை குடும்பம் என்று எண்ண முடியாது. கக்கூஸ் ஒன்று. அதன் வாசலில் காலை முதல் வரிசை.

பாக்கியக்கா சாப்பிட மறுத்தார். பசி இல்லை என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார். களைப்பு என்று நான் நினைத்தேன், கவலை என்று கந்தையா அண்ணை நினைத்தார். சுவரோடு சாய்ந்து, கால்களை இறுக்கிக்கொண்டு அவர் இருந்த இருப்பைக் கௌசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, குசினிக்குள் நின்ற அந்த வீட்டுக்காரியிடம் நேரே போனாள்.

"மாமி, எங்கடை பெரியம்மா கக்கூசுக்குப் போகவேணும். கேக்க வெக்கப்படுறா. அடக்கினால் வருத்தம் வரும்" என்றாள், எல்லோருக்கும் கேட்க.

விறாந்தை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாக்கியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஐயோ, இதுக்கெல்லாம் கேக்கவேணுமே? வாங்கோ அக்கா" என்று கைகொடுத்து எழுப்பினார். கௌசி முன்னால் நடந்து வரிசையை விலக்கினாள். பாக்கியக்காவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆறுதலாய் இருங்கோ பெரியம்மா" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "நான் நிக்கிறன்."